பெயருக்கு மட்டும் டைரக்டரா?

போன வாரம் ஒரு அப்பா, அம்மா, பி.காம் தேர்வு எழுதி முடித்த மகள் என மூன்று பேர் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார்கள். அப்பா கையில் டிஐஆர்-2 படிவம். டைரக்டராக இருக்கச் சம்மதம் என்று எழுதித் தரும் தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு. பெரியப்பாவின் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஒரு டைரக்டர் விலகிவிட்டார். சட்டப்படி குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அந்த இடத்துக்கு மகளைக் கேட்கிறார். "பெயருக்குத்தான், 21 வயதில் டைரக்டர் என்றால் சும்மாவா" என்கிறாராம் பெரியப்பா. மறுத்தால் உறவு கெட்டுவிடுமோ என்பது அம்மாவின் பயம்.

பயம் நியாயமானதுதான். ஆனால் பெயருக்கு டைரக்டர் என்று ஒரு பதவி கம்பெனிச் சட்டத்தில் கிடையாது.

பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் தன் போனில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தைத் திறந்து, "சார், கடைசியாக பேலன்ஸ் ஷீட் போட்டு இரண்டு வருடம் ஆகிறதே?" என்றாள். அப்பாவுக்கு அது தெரியாது. மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாவிட்டால், அந்தக் கம்பெனியின் டைரக்டர்கள் ஐந்து வருடத்துக்கு வேறெந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. 2017-ல் இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதியிழந்தார்கள். இந்தப் பெண் சேர்ந்த பிறகு மூன்றாவது வருடமும் தவறினால் அவளும் அந்தப் பட்டியலில்தான்.

அப்புறம் வரி. பிரைவேட் கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வருமான வரியை, அந்த வருடம் டைரக்டராக இருந்தவர்களிடம் கேட்கலாம். என் அலட்சியத்தால் வந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டியது டைரக்டர்தான். அவள் கையெழுத்திட்ட செக் திரும்பினால் வழக்கில் அவள் பெயரும் வரும். இரண்டு வருடம் வரை சிறைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. பிறகு விலகினாலும், பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். கம்பெனிக் கடனுக்கு வங்கி தனிநபர் உத்தரவாதம், அதாவது கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற உறுதி, கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். டைரக்டர் பதவியை விட்டாலும் வங்கி விடுவிக்கும்வரை அந்த உத்தரவாதம் நிற்கும். பெரியப்பா கேட்டாலும் சரி, பெற்ற அப்பாவே கேட்டாலும் சரி.

சரி, இனி மகள் அடுத்து என்ன படிக்கலாம் என்பது. யாரும் சொல்லாமலே ஒரு கம்பெனியின் தாக்கல் விவரத்தைத் தேடிப் பார்க்கிறவளை எங்கே அனுப்புவது? சி.ஏ., எம்.பி.ஏ. பற்றிச் சொல்ல உங்கள் சொந்தத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள், நான் வேறு எதற்கு? கம்பெனி செக்ரட்டரி படிப்பை, அதாவது சி.எஸ்., எத்தனை பேர் யோசிக்கிறார்கள்? பெயரில் செக்ரட்டரி இருப்பதால் டைப் அடிக்கும் வேலை என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டைரக்டர்களின் போர்டு கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது, கூட்டத்தில் நடந்ததைப் பதிவு செய்யும் மினிட்ஸ் எழுதுவது, எந்தப் படிவம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று பார்ப்பது, "இந்தத் தீர்மானம் செல்லாது" என்று முதலாளியிடமே சொல்வது, எல்லாம் அவர் வேலை. எக்சிகியூட்டிவ், புரொஃபஷனல் என இரண்டு கட்டத் தேர்வுகள், ஜூனிலும் டிசம்பரிலும். கூடவே நடைமுறைப் பயிற்சி. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட எல்லாக் கம்பெனிகளிலும், செலுத்தப்பட்ட மூலதனம் (பங்குகளுக்காகப் பங்குதாரர்கள் கட்டிய பணம்) 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பிரைவேட் கம்பெனிகளிலும் முழுநேர சி.எஸ். இருந்தே ஆக வேண்டும். தனியாக பிராக்டிஸ் செய்தால், சட்டம் கேட்கும் செக்ரட்டேரியல் ஆடிட்டில், அதாவது கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் தணிக்கையில், கையெழுத்திடும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான்.

தேர்ச்சி சுலபமில்லை, ஒரே முறையில் முடிக்காதவர்கள் நிறைய. அதைப் பெண்ணிடமே சொன்னேன். "மினிட்ஸ் எழுத எனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்" என்றாள். இப்படி ஒரு பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

பெரியப்பாவிடம் என்ன சொல்வது என்று அம்மா கேட்டார். பாக்கி ஆண்டறிக்கைகளைத் தாக்கல் செய்த ரசீதைக் கொடுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டால் பழியை என் மேல் போடுங்கள், எனக்குப் பழக்கம்தான்.