1866 ஆஸ்திரியா–பிரஷ்யா போர் ஏழே வாரத்தில் முடிந்ததால் சாதாரண மக்களுக்குப் பெரிய பாதிப்பில்லை என்பது உண்மையா?

இல்லை. நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன், வழிகாட்டிப் புத்தகங்கள் ‘ஏழு வாரப் போர்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடும். முதுகு அறுவைக்குப் பிறகு ஜெர்மனியில் பாட் கிஸ்ஸிங்கன் என்ற சின்ன ஊரில் சிகிச்சைக்குத் தங்கியிருந்தவன் நான், இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

அந்தப் போரில் ஆஸ்திரியாவின் பக்கம் நின்ற பவேரியாவின் வடபகுதியில், ஸாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ராகோட்சி, பாண்டுர் என்ற ஊற்றுகளின் தண்ணீரைக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள ராஜாக்களே வந்த இடம். 1864 கோடையில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டரும் ஆஸ்திரிய அரசி எலிசபெத்தும் பவேரியாவின் இளம் அரசர் லுட்விக்கும் இங்கே இருந்தார்கள். 1866 ஜூலை 10 அன்று அதே ஊருக்குள் சண்டை. சிகிச்சைக்கு வந்தவர்கள் கிளம்பியிருக்கக்கூட இல்லை.

என்னைத் தினமும் நடக்கச் சொன்னார்கள், நானும் கைத்தடியோடு ஆற்றோரமாகவே போவேன். 1866இல் அந்த ஆற்றின் மேல் ஊருக்குள் இருந்த பாலத்தைப் பவேரியர்கள் அடைத்துவிட்டார்கள், தெற்கே ஒரு மாவு ஆலையை ஒட்டிய நடைபாலத்தின் பலகைகளையும் பெயர்த்துவிட்டார்கள். ஆனால் கீழே உத்தரங்கள் அப்படியே இருந்தன. பிரஷ்யர்கள் மேசை, பெஞ்சு, பலகை என்று கிடைத்ததைப் போட்டுக் கடந்துவிட்டார்கள், அப்புறம் தெருத்தெருவாகச் சண்டை, தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சண்டை. பவேரியத் தளபதி ஸோலர் அன்றே இறந்தார். குளியலுக்கு வந்தவர்கள் உலாவிய மண்டபங்களில் காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள். இதையா பாதிப்பில்லை என்பது?

என்னால் தாங்க முடியாதது இன்னொன்று. கோனிக்ராட்ஸ் என்ற இடத்தில் நடந்த பெரிய சண்டையில் ஆஸ்திரியா தோற்று, போரின் முடிவு தெரிந்தது ஜூலை 3. ஒரு வாரம் கழித்து இந்த ஊரில் இத்தனை பேர் செத்தார்கள். ‘பவேரியா இன்னும் சரணடையவில்லையே, பிரஷ்யா சும்மா இருக்குமா’ என்று பின்னூட்டம் வரும், தெரியும். ராணுவக் கணக்குப்படி அது நியாயமாகவே இருக்கட்டும், தன் வீட்டு வாசலில் பிணத்தைப் பார்த்தவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? பிரஷ்ய அரசை நடத்திய பிஸ்மார்க்கை நான் திட்டவும் இல்லை. அவரே 1874இல் நோயாளியாக இதே ஊருக்கு வந்தார், ஜூலை 13 அன்று குல்மான் என்ற இளைஞன் சுட்டதில் கையில் காயம்பட்டது, அதற்குப் பிறகும் பல வருடம் வந்தார்.

  

தேர்வுக்கு இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். 1866 ஆகஸ்ட் 22 சமாதான ஒப்பந்தப்படி பவேரியா 3 கோடி கில்டர் (அன்றைய நாணயம்) அபராதம் கட்டியது, ஓர்ப் என்ற இன்னொரு உப்பு ஊற்று ஊரையும் பிரஷ்யாவிடம் இழந்தது. அந்த ஊர் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.