புதுச்சேரியில் வாகனத் தடங்களைக் குறைத்தால் நெரிசல் கூடுமா?

கேள்வி: நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் இடம் ஒதுக்குவதற்காகச் சாலைகளில் வாகனத் தடத்தைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். ஏற்கெனவே நெருக்கடியில் தவிக்கும் புதுச்சேரி போன்ற ஊரில் இது நிலைமையை இன்னும் மோசமாக்காதா?

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன். இன்றும் அன்றாட வேலைகளுக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். நகரின் உட்புற வீதிகளைப் பொறுத்தவரை நிலைமை மோசமாகாது என்பதே என் கருத்து. எல்லாச் சாலைகளுக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

குறைக்கப்போகும் தடத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நேரு வீதியிலோ காந்தி வீதியிலோ முற்பகலில் சிறிது நேரம் நின்றால் விளங்கும்: ஓரத்தை அடைத்திருப்பவை பெரும்பாலும் நிறுத்தி வைத்த இருசக்கர வாகனங்கள். ஒரு ஸ்கூட்டரின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர். நடைபாதையில் தடையின்றி நடப்பதற்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச அகலம் என்று சாலை அமைப்புக்கு நெறிமுறைகள் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (Indian Roads Congress) என்ற அமைப்பின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுவதும் அதே 1.8 மீட்டர்தான். அதாவது, மனிதர்களுக்கு உரிய இடம் முழுவதும் நிற்கும் வண்டிகளுக்கு இலவசமாகப் போய்விட்டது. அந்த இடத்தை மீட்டு, கல் பதித்து நடைபாதையாக உயர்த்தினால் ஓடும் வண்டிகள் இழப்பது மிகக் குறைவு. சர்ச்சை உண்மையில் வண்டி நிறுத்துவதைப் பற்றியது. அதைப் போக்குவரத்து நெரிசல் என்ற பெயரில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் தந்தை பெரிய மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையுடன் திரும்பும்போது, நடைபாதையை வண்டிகள் மறித்திருந்ததால் சாலையில் இறங்கி நடந்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிளின் கைப்பிடி இடித்து விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஓட்டி வந்த இளைஞர்தான் ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார். அவர்மீது எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அதற்குப் பிறகு அப்பா தனியாக வெளியே செல்லவே இல்லை. இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நடந்து சென்றவர்.

அமெரிக்காவில் நடுத்தடுப்பு இல்லாத நான்கு தடச் சாலையை, திசைக்கு ஒரு தடமும், திரும்பும் வண்டிகளுக்கு நடுவில் ஒரு பொதுத் தடமுமாக மாற்றி, மிச்சப்பட்ட அகலத்தைச் சைக்கிளுக்குக் கொடுக்கிறார்கள். திரும்பக் காத்திருக்கும் வண்டி பின்னால் வருபவர்களை மறிப்பதில்லை என்பதால் ஓட்டம் பெரிதும் கெடுவதில்லை; முந்திச் செல்லத் தடம் இல்லாததால் வேகமும் அடங்குகிறது. விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைந்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைத் துறை கூறுகிறது. நாளொன்றுக்கு 20,000 வண்டிகளுக்கு மேல் செல்லும் சாலைகளில் கவனம் தேவை என்பதையும் அதே துறை சொல்கிறது. ஆனால் அவை கார்கள் மிகுந்த சாலைகள். நம் ஊரில் வெள்ளைக் கோடு மட்டும் போட்டுச் சைக்கிள் தடம் என்று அறிவித்தால், அரை மணி நேரத்தில் அது மோட்டார் சைக்கிள்களின் குறுக்குவழியாகிவிடும். கோட்டுக்குப் பதிலாகக் கல்விளிம்பும், சக்கர நாற்காலி நுழையுமளவுக்கு இடைவெளி விட்ட தடுப்புத் தூண்களும் வேண்டும்.

கடைக்காரர்களின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்கிறார்கள். ஒரு நாள் காலை கடை திறக்கும் நேரத்தில் எங்கள் பகுதி வீதியோரத்தில் நின்று கவனித்தேன். வாசலில் முதலில் வந்து நின்றவை கடைகளில் வேலை செய்பவர்களின் வண்டிகள். இரவு நான் திரும்பும்போதும் அவற்றில் பல அங்கேயே நின்றன. அவற்றுக்கு வேறிடம் தேடித் தருவது நகராட்சியின் கடமை. அதைச் செய்யாமல் கல் பதிக்க வந்தால் எதிர்ப்பு நியாயமானதே. நடைபாதை வியாபாரிகளுக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளித்திருக்கிறது. பூக்கார அம்மாவை விரட்டிவிட்டு அழகுபடுத்தும் நடைபாதை எனக்கு வேண்டாம்.

கடலூர் சாலையைக் குறுக்குவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் வழியாகப் பேருந்துகளும் லாரிகளும் ஆம்புலன்ஸ்களும் செல்லும் சாலை அது. அங்கே ஒரு பேருந்து நின்றால் பின்னால் உள்ள அனைத்தும் நிற்கும். அங்கு முதலில் தேவைப்படுபவை பேருந்து ஒதுங்குவதற்கு இடமும், கடப்பவர்கள் பாதிவழியில் நின்று மூச்சுவிட நடுவில் ஒரு திட்டும்தான்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வண்டிகள் பக்கத்துத் தெருக்களில் சுற்றிச் செல்கின்றன, குழந்தைகள் சாலை நடுவில் ஓடி விளையாடுகிறார்கள். மற்ற வீதிகளில் நான் அவ்வளவு கேட்கவில்லை. ஏதேனும் ஒரு வீதியில் மணல் நிரப்பிய பீப்பாய்களையும் கயிற்றையும் வைத்து மூன்று மாதம் ஓரத்தைப் பிரித்துப் பார்க்கட்டும்; வண்டிகள் கடக்க எடுக்கும் நேரத்தை முன்னும் பின்னும் அளக்கட்டும். சரிவரவில்லையென்றால் பீப்பாய்களை அகற்ற ஒரு காலைப்பொழுது போதும்.