எஞ்சின் அறையிலிருந்து ட்ரோன் பட்டறைக்கு: கேள்வி பதில்

கடற்படையில் எஞ்சினியரிங் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது ஓசூரில் மருந்து தெளிக்கும் ட்ரோன் வடிவமைக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியரிடம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தவர்கள் கேட்டவை.

தர்மபுரி, பி.இ. மூன்றாம் ஆண்டு: அண்ணா, நேவி போய்ட்டு ட்ரோனுக்கு வரலாமா, நேரா ட்ரோன் கம்பெனிக்கே போய்டலாமா?

ட்ரோன்தான் குறி என்றால் நேரா போ தம்பி. ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்கிற குறுகிய கால அதிகாரி வேலை, நீட்டித்தாலும் 14 வருஷம்தான். அதிகாரிக்கு பென்ஷன் 20 வருஷத்துக்குத்தான். நீ கிராஜுவிட்டியோடு வெளியே வருவாய். எழிமலை கடற்படை அகாடமியில் பயிற்சி, பிறகு லோனாவாலாவில் ஐஎன்எஸ் சிவாஜி என்கிற பயிற்சித் தளத்தில் மரைன் எஞ்சினியரிங். அங்கே கற்பது பராமரிப்பு; டிசைன் இல்லை. கடல் பிடிக்கும் என்றால் மட்டும் போ.

போனால், சர்வீஸ் முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே கேட் (CAD, கணினியில் வரையும் டிசைன்), பைத்தான், கன்ட்ரோல் தியரி மூன்றையும் தொடங்கு. முகாமுக்குள் ட்ரோனைப் பறக்கவிடாதே, ராணுவ இடமெல்லாம் சிவப்பு மண்டலம், அரசு அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத இடம். ட்ரோனை ஓட்டும் இலவச மென்பொருளான ஆர்டுபைலட்டின் சிமுலேட்டர் லேப்டாப்பிலேயே ஓடும்.

காவேரிப்பட்டணம்: கப்பல்ல கத்துக்கிட்டது ட்ரோன்ல எதுக்குங்க உதவும்?

நல்ல கேள்வி. மூன்று இடத்தில் நேரடியாக உதவும்.

முதலாவது, தொட்டியில் அலம்பும் தண்ணீர். அரைத் தொட்டி கப்பலைச் சாய்க்கும் என்பது எஞ்சின் அறையில் பாலபாடம். அந்த விளைவு தொட்டி அகலத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் நாலில் ஒன்றாகிவிடும். 10 லிட்டர் மருந்துத் தொட்டிக்கும் தடுப்புத் தகடு வேண்டும். வரிசை முடிந்து பிரேக் பிடிக்கும்போது மருந்து முன்னால் பாயும், மூக்கு தாழும், ஆட்டோபைலட் அதோடு மல்லுக்கு நிற்கும். நிறைந்த தொட்டியைவிடப் பாதித் தொட்டியில்தான் ஆட்டம் மோசம். சோதனையையும் பாதியில் செய்யுங்கள்.

இரண்டாவது, அரிப்பு. கார்பன் ஃபைபரும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும், கப்பலடியில் துத்தநாகக் கட்டி கரைவது போல. மருந்துக் கரைசல் நன்றாகவே மின்சாரம் கடத்தும். ட்ரோனின் கைக் குழாய் கிளாம்பைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான். நடுவே கண்ணாடி ஃபைபர் ஒரு சுற்று வையுங்கள். தெளித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

மூன்றாவது, அதிர்வு. ஆர்டுபைலட்டின் பறத்தல் பதிவில் (லாக்) அதிர்வு அளவு 15க்குள் இருந்தால் சரி, 30 தாண்டினால் தொந்தரவு வரலாம், 60 தாண்டினால் உயரம் பிடிக்காது. உடனே பஞ்சு வைத்து ஒட்டாதீர்கள். மெத்து அதிகமானால் ஆட்டோபைலட் போர்டு தனியாக ஆடும். புரொப்பல்லர் நுனிச் சிராய்ப்பு, வளைந்த மோட்டார் தண்டு, மடிப்புக் கையின் தளர்ச்சி: இந்த வரிசையில் பாருங்கள். திருகு தளராமல் பிடிக்கும் நீலப் பசை (திரெட் லாக்கர்) உலோகத்துக்கு மட்டும். பாலிகார்பனேட்டில் பட்டால் விரிசல் விடும்.

மறக்க வேண்டியதும் ஒன்று உண்டு: "எதுக்கும் கொஞ்சம் தடிமனா இருக்கட்டும்" என்கிற கப்பல் புத்தி. எடை 10% கூடினால் காற்றில் மிதக்கத் தேவையான பவர் 15% கூடும்.

பெஞ்சில் மோட்டார் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள்.

பென்னாகரம்: அக்னிவீர்ல நேவி போனா ட்ரோன் வேலை கிடைக்குமா சார்?

4 வருஷத்தில் கிடைப்பது ஒழுங்கும் அடிப்படைப் பராமரிப்பும். டிப்ளமோ சேர்த்துக்கொண்டால் அசெம்பிளி, டெஸ்டிங் பக்கம் வரலாம்.

அரூர்: சம்பளம் எவ்வளவு?

ஊர், கம்பெனி, கைவேலை பொறுத்தது. எண் சொன்னால் பொய்யாகும். அடுத்த கேள்வி.

ஓசூர்: சென்னையில சரியா ஓடின ட்ரோன், இங்க மோட்டார் சூடாகுது.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி கடலோரத்தைவிட 8% சொச்சம் குறைவு, அதே எடைக்கு மோட்டார் 4 சதவீதத்துக்கு மேல் வேகமாகச் சுற்ற வேண்டும். மருந்தை ஒரு லிட்டர் குறைத்துப் பாருங்கள். அப்போதும் சூடு என்றால் பேரிங்.

பாலக்கோடு: 10 லிட்டர் ட்ரோனுக்கு 6எஸ் ரெண்டு பேரலலா, சீரிஸ்ல 12எஸ்-ஆ?

12எஸ், அதாவது 12 செல்லும் தொடராக. மருந்தோடு 24 கிலோ ட்ரோன் மிதக்க சுமார் 3,000 வாட் என்று வைப்போம். 6எஸ்-இன் 22.2 வோல்ட்டில் 135 ஆம்பியர், 12எஸ்-இன் 44.4 வோல்ட்டில் 68. அதே கம்பியில் சூடாக வீணாவது நாலில் ஒரு பங்குதான்.

சூளகிரி: ஒத்துக்க மாட்டேன். பேரலல்னா ஒரு பேக் செத்தாலும் இன்னொண்ணு இறக்கிடும். சீரிஸ்ல ஒரு செல் போனா மொத்தமும் விழும்.

நியாயமான வாதம். ஆனால் மிச்சமிருக்கும் 16,000 எம்ஏஎச் பேக் ஒன்றே 135 ஆம்பியர் தர வேண்டும். புதுசு தரும்; பழசானதில் வோல்ட் சரிந்து அதுவும் விழும். தவிர ஒன்று நிறைந்தும் ஒன்று பாதியுமாகச் செருகினால் இரண்டுக்கும் நடுவே நூறு ஆம்பியரைத் தொடலாம். கனெக்டர் கருகும்.

சூளகிரி: அப்போ டயோடு போடலாமே?

மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டயோடு நூறு ஆம்பியரைத் தடுக்கும். ஆனால் அரை வோல்ட் இழப்பு என்றாலும் ஒவ்வொரு டயோடிலும் முப்பது வாட்டுக்கு மேல் சூடு. ஹீட் சிங்க் எடையை யார் சுமப்பது?

பாலக்கோடு: நான் கேட்டதுக்குப் பதில் வந்துடுச்சு, நீங்க ரெண்டு பேரும் தொடருங்க.

ஒரு வரி மட்டும். எந்த அமைப்பானாலும் காப்பாற்றுவது செல் வோல்ட் கண்காணிப்பு. லோடில் எந்த செல்லும் 3.5 தொட்டால் இறக்குங்கள். சேமிக்கும்போது 3.8. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

போச்சம்பள்ளி: மாந்தோப்புல தத்துப்பூச்சிக்கு அடிக்கலாமா? லைசென்ஸ்?

2 முதல் 25 கிலோ வரை "ஸ்மால்" வகை. ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்பு தேர்ச்சி, 10 வருஷம் செல்லும். அரசின் தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனக் கழகமும் பயிற்சி தருகிறது. ஆனால் பழைய பெங்களூரா மரத்தில் மேலிருந்து அடிக்கும் மருந்து உட்கிளைக்கு எளிதில் இறங்காது. நெல் வயல் கணக்கை அப்படியே போடாதீர்கள். எந்த மருந்து என்பதைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள்.

ஊத்தங்கரை: நேவி முடிச்சவங்களுக்கு ஸ்டார்டிங் சம்பளம்?

அரூர் கேள்வியைப் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை: சொந்தமா செஞ்சு டெஸ்ட் பண்ண எல்லா அனுமதியும் வேணுமா?

ட்ரோன் விதிகள் 2021ப்படி, டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை) அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், ஜிஎஸ்டி எண் உள்ள ட்ரோன் தயாரிப்பாளர் போன்றோருக்கு ஆராய்ச்சிப் பறத்தலில் டைப் சான்றிதழ் (அந்த மாடலுக்கான தரச் சான்று), பதிவெண், பைலட் சான்றிதழ் மூன்றிலும் விலக்கு உண்டு. இடம் பச்சை மண்டலமாகவும் (முன் அனுமதி தேவையில்லாத பகுதி) உங்கள் வளாகம் அல்லது உங்கள் கட்டுப்பாட்டிலுள்ள திறந்தவெளியாகவும் இருக்க வேண்டும். வாங்குபவர் வயலில் பறக்கவிட டைப் சான்றிதழ் கட்டாயம். பக்கத்தில் பேளகொண்டப்பள்ளி விமானத்தளம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

அதே தேன்கனிக்கோட்டை: பெஞ்ச் டெஸ்டுக்கும் அனுமதி வேணுமா?

வேண்டாம். புரொப்பல்லரைக் கழற்றியாயிற்றா?