குச்சியை எடை போட்டீர்களா? ஒயின் திராட்சைக் கவாத்து: கேள்வி பதில்

கே: ஒயின் திராட்சையைக் கவாத்து செய்யும்போது கொடிக்கு எத்தனை கண் (தளிர் விடும் மொட்டு) விட வேண்டும் சார்?

ப: கொடிக்குக் கொடி மாறும். வெட்டிய ஓராண்டுக் குச்சிகளை மட்டும் தனியே கட்டி எடை போடுங்கள். பத்துப் பதினைந்து கொடிகளில் போட்டாலே தோட்டத்தின் போக்கு தெரிந்துவிடும். ஒரு கிலோ குச்சிக்கு 30 முதல் 40 கண் என்பது கணக்கு. 600 கிராம் வந்தால் 18 முதல் 24.

இதைவிடக் குறைத்தால் சேமிப்புச் சத்தெல்லாம் மிஞ்சிய சில தளிர்களுக்கே போகும். அவை தடித்து, பக்கத்தளிர் விட்டு, குலைகளை மூடிவிடும். நிழலில் கிடந்த பழத்தில் நிறம் கட்டாது, சாற்றின் பிஎச் ஏறிப் புளிப்பு மங்கும், கேபர்னே ரகத்தில் பச்சைக் குடைமிளகாய் வாடை போகாது. கண் கூடினாலோ பழத்துக்கு ஏற்ற இலை இருக்காது, சர்க்கரை ஏறாமல் இழுக்கும்.

கே: நீளக் குச்சி விடும் கியோ முறையா, நிலையான கிளையில் குட்டையாக வெட்டும் கார்டான் முறையா? எதில் ஒயின் நன்றாக வரும்?

ப: ரகத்தைச் சொல்லாமல் கேட்டால் பதில் இல்லை. நெபியோலோவில் அடிக்கண்கள் பெரும்பாலும் காய்க்காது. 2 கண் விட்டு வெட்டினால் இலைதான் மிஞ்சும். அதற்கு 8 முதல் 12 கண் உள்ள நீளக் குச்சி வேண்டும். சிராவுக்கு 2 கண் போதும்.

நீளக் குச்சியில் ஒரு தொல்லை உண்டு. நுனிக்கண் முந்திக்கொள்ளும், நடுக்கண் உறங்கிவிடும். முளைப்பு முன்பின்னானால் பழுப்பதும் முன்பின்னாகும், ஒரே கூடையில் பச்சையும் பழமும் சேரும். குச்சியை வில்லாக வளைத்துக் கட்டினால் ஓரளவு சரியாகும். பென்சில் தடிமன் குச்சியே எடுங்கள். கட்டைவிரல் தடிமனைக் கண்டு மயங்க வேண்டாம்.

கே: தூறலில் வெட்டலாமா?

ப: கூடாது. யூடைப்பா போன்ற தண்டுநோய்ப் பூஞ்சைகளின் வித்துகள் மழையில்தான் கிளம்பும். புது வெட்டுக்காயம் அவற்றுக்குத் திறந்த வாசல். கொடியின் முதிர்ந்த தண்டுப் பகுதியில் பெரிய காயம் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால் தண்டோடு ஒட்ட வெட்டாமல், வெட்டும் கிளையின் தடிமன் அளவுக்குக் கட்டை விடுங்கள். காய்வது அந்தக் கட்டையோடு நிற்கும்.

கே: வெட்டிய இடத்தில் நீர் சொட்டுகிறது. கொடி செத்துவிடுமா?

ப: சாகாது. வேர் விழித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கே: கவாத்தைத் தள்ளிப்போட்டால் தரம் கூடுமா?

ப: வெப்பமான இடத்தில் உதவும். நுனிக்கண்கள் முளைத்த பிறகு வெட்டினால் அடிக்கண்கள் தாமதமாக விழிக்கும். பழுப்பதும் பின்தள்ளிப்போய்க் கொஞ்சம் குளிர்ந்த நாட்களில் நடக்கும். சர்க்கரை முந்தி ஓட, நிறம் பின்தங்கும் கோளாறு அப்போது குறையும். உறைபனியிலிருந்தும் தப்பலாம். ஆனால் தளிரில் இரண்டு மூன்று இலை விரிந்த பிறகும் காத்திருந்தால் விளைச்சல் குறையும். அப்போதும் மழை நாளாக இருக்கக் கூடாது.

கே: என் கொடி மூன்று வயது. எத்தனை கண்?

ப: முதல் பதில். தராசு.

கே: சுற்றிவளைப்பானேன்? விளைச்சலைக் குறைத்தால் தரம் கூடும். கண்ணைப் பாதியாக வெட்டினால் முடிந்தது.

ப: கண்ணைப் பாதியாக்கினால் விளைச்சல் பாதியாகாது. மிஞ்சிய கண்கள் கூடுதலாக முளைக்கும், குலையும் மணியும் பெருக்கும். பெரிய மணியில் சாற்றுக்கு ஏற்ற தோல் இருக்காது, நிறமோ தோலில்தான். செழித்த கொடியைக் கடுமையாக வெட்டினால் இன்னும் செழிக்கும்.

கே: வறண்ட மண்ணில் குறைந்த விளைச்சல் தோட்டங்கள்தானே நல்ல ஒயின் தருகின்றன?

ப: அங்கே தளிரையும் விளைச்சலையும் சேர்த்து அடக்குவது மண். நீங்கள் கத்தரியால் விளைச்சலை மட்டும் அடக்குகிறீர்கள், தளிர் அடங்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

கே: அப்படியானால் வெட்டாமலே விடலாமா?

ப: லேசாக மட்டும் வெட்டி விடும் முறை இருக்கிறது. முதல் சில ஆண்டுகள் காய்ப்பு மிஞ்சும், பிறகு கொடி தானே அடங்கும். குலை சிறிது, மணி சிறிது, பழுப்பது தாமதம். பருவம் குறுகிய இடத்தில் பச்சையாகவே நிற்கும்.

கே: விடமாட்டேன். என் தோட்டத்தில் பாதியாகக் குறைத்ததும் நிறம் கூடியதே?

ப: குறைப்பதற்கு முன் அறுவடை எடையையும் அடுத்த கவாத்தில் வந்த குச்சி எடையையும் குறித்தீர்களா? முன்னதைப் பின்னதால் வகுத்து 12க்கு மேல் வந்திருந்தால் அந்தக் கொடி மிதமிஞ்சிக் காய்த்தது, குறைத்தது சரிதான். பல ரகங்களுக்கு 5 முதல் 10 போதும். 4 வந்திருந்தால் நிறம் கூடியதற்குக் காரணம் வேறு. எண்ணைக் கொண்டுவாருங்கள், பேசலாம்.