ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் ஆடுபவர்களுக்கு: சர்வ், ஃபோர்ஹேண்ட், முழங்கை வலி

கேள்வி: ஃபோர்ஹேண்ட் அடிச்சா பாதி வலையில, பாதி கோட்டுக்கு வெளிய. ராக்கெட்டை மாத்தணுமா சார்?

பதில்: வேண்டாம். பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறீர்கள், அவ்வளவுதான். பந்து வலையைத் தாண்டுவதற்குள் தோள் திரும்பியிருக்க வேண்டும். பலரும் அது தரையில் குத்தி எழுந்த பிறகுதான் ராக்கெட்டைப் பின்னால் இழுக்கிறார்கள். அதற்குள் பந்து இடுப்புக்கு நேரே வந்துவிடும். மணிக்கட்டால் சுண்டுவதைத் தவிர வேறு வழியிருக்காது. முன்காலுக்கு ஓர் அடி முன்னால் பந்தைச் சந்தியுங்கள். சர்வீஸ் கோட்டில் நின்று மெதுவாக ஆடும்போது, பந்து குத்தும் கணத்தில் "குத்து", ராக்கெட்டில் படும் கணத்தில் "அடி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே தாமதம் என்பது உங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.

சந்தேகம் வந்தால் குறுக்காக அடியுங்கள். குறுக்கே போகும் பந்து வலையின் நடுவைத் தாண்டும்; அங்கே வலையின் உயரம் 91.4 செ.மீ.தான், கம்பத்தருகே 107 செ.மீ. நேராக அடித்தால் 23.77 மீட்டர் நீளம். ஒற்றையர் கோர்ட்டின் மூலைக்கு மூலை 25 மீட்டருக்கும் மேல். பிழைக்கு அங்கேதான் இடம் அதிகம்.

கேள்வி: சர்வில் வேகமே இல்லை. கான்டினென்டல் கிரிப்புக்கு மாறினால் பந்து இடப்பக்கமாக ஓடுகிறது. (வலக்கை ஆட்டக்காரர்)

பதில்: இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் மனம் தளர்ந்து பழைய பிடிக்கே திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பாதீர்கள். தோசைக்கல் பிடிப்பதுபோல ஃபோர்ஹேண்ட் பிடியில் சர்வ் போட்டால் பந்து உள்ளே விழும். ஆனால் வேகத்துக்கும் சுழற்சிக்கும் அதோடு கதவு அடைபட்டுவிடும்.

பிடியில் எட்டுப் பட்டைகள் உண்டு. ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி பிடித்தால் மேலே இருப்பது முதல் பட்டை. அதற்கு வலப்புறம் சரிவாக இருப்பது இரண்டாவது. ஆள்காட்டி விரலின் அடிக்கணு அந்த இரண்டாவதில் உட்கார வேண்டும். இதுதான் கான்டினென்டல், சுத்தியல் பிடிக்கும் பிடி. பந்து இடப்பக்கம் போவதற்குக் காரணம், முன்கை திரும்பாததே. ராக்கெட் விளிம்பு முதலில் பந்தை நோக்கி ஏற வேண்டும். கடைசிக் கணத்தில் முன்கை திரும்பி, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். வலையிலிருந்து மூன்று மீட்டரில் நின்று, இந்தத் திருப்பலை மட்டும் நாளைக்கு 30 பந்து பழகுங்கள்.

டாஸுக்கு, அதாவது சர்வுக்காகப் பந்தை மேலே வீச, அதை விரல் நுனிகளில் வைத்து, முழங்கையை மடக்காமல் தூக்கி, கண் உயரத்தில் விடுங்கள். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் பந்து உருண்டு தலைக்குப் பின்னால் போகும். பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோடு) ஓர் அடி உள்ளே, வலத்தோளுக்கு நேராக ஒரு துண்டை விரியுங்கள். அடிக்காமல் 20 முறை வீசுங்கள். 15 துண்டில் விழுந்த பிறகு ராக்கெட்டை எடுக்கலாம்.

கேள்வி: பேக்ஹேண்ட் அடிக்கும்போது முழங்கை வெளிப்பக்க எலும்பில் வலி. பாலியெஸ்டர் ஸ்ட்ரிங், 56 பவுண்டு இழுவிசையில் கட்டியது.

பதில்: இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கலாம். ஒற்றைக் கை பேக்ஹேண்டில் முழங்கையை முன்னால் தள்ளி, மணிக்கட்டு மடங்கியபடி தாமதமாக அடித்தால், மணிக்கட்டை நிமிர்த்தும் தசையின் தசைநாரில்தான் அதிர்ச்சி முழுதும் இறங்கும். அதன்மேல் விறைப்பான பாலியெஸ்டர். அதை வெட்டிவிட்டு மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்கை (நுண்ணிழைகள் பல சேர்ந்த மென்மையான ஸ்ட்ரிங்) 50 பவுண்டில் கட்டுங்கள்.

வலிக்கும் கைக்கு ஒரு பயிற்சி: மேசை மேல் அந்த முன்கையை வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, கை மட்டும் வெளியே தொங்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மறுகையால் தூக்கிவிட்டு, நான்கு நொடியில் மெல்ல இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று. வாரங்கள் பிடிக்கும், பொறுமை வேண்டும். விரல்கள் மரத்துப்போனாலோ இரவில் வலித்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 51. ஓடும் ஷூ போட்டு ஆடலாமா? கெண்டைக்கால் அடிக்கடி பிடிக்கிறது.

பதில்: கூடாது. ஓட்ட ஷூவின் உயர்ந்த, மெத்தென்ற குதிகால் நேராக ஓடுவதற்கானது; பக்கவாட்டில் நின்று திரும்பும்போது கணுக்கால் மடங்கும். கோர்ட் ஷூ வாங்குங்கள். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது 15 முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். ஆடும் முன் எட்டு நிமிடம் மெதுஓட்டமும் பக்க நடையும்; அசையாமல் நின்று இழுக்கும் பயிற்சி ஆட்டத்துக்குப் பிறகு. வெயிலில் வியர்வை கொட்டினால் பக்கம் மாறும்போதெல்லாம் சில வாய் தண்ணீர், ஆட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர்.