குரோஷே கேபிளில் (முறுக்கிய கயிறுபோல மேலெழும்பித் தெரியும் பின்னலில்) நிறம் மாற்றும் இடத்தில் பழைய நிறம் புள்ளியாகத் தெரிகிறது, துணியும் சுருங்குகிறது. சுத்தமாக மாற்றுவது எப்படி?

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. புள்ளி விழுவது, நிறத்தை ஒரு படி தாமதமாக மாற்றுவதால். துணி சுருங்குவது, பின்னால் ஓடும் நூல் இறுகுவதால்.

புள்ளியைச் சரிசெய்வது சுலபம். ஒரு ஸ்டிச் முடிந்ததும் ஹூக்கில் மிஞ்சும் கண்ணிதான் அடுத்த ஸ்டிச்சின் தலையாகிறது. அதனால் கேபிளுக்கு முந்தைய ஸ்டிச்சில், ஹூக்கில் கடைசி இரண்டு கண்ணி இருக்கும்போதே பழைய நூலை விட்டுவிட்டு, புது நூலால் இழுத்து முடியுங்கள். விட்ட நூல் எப்போதும் துணியின் பின்பக்கம் தொங்க வேண்டும். பின்பக்க வரிசை போடும்போது அந்தப் பக்கம்தான் உங்களைப் பார்த்திருக்கும், ஆகவே நூலை உங்கள் பக்கமாக இழுத்து விடுங்கள். முன்பக்கத்தில் தேவையில்லாத கோடு விழுவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான்.

இனி கேபிளுக்கே உரிய சங்கதி. நாலு ஸ்டிச் அகலக் கேபிள், முன்பக்க வரிசையில் ஃப்ரண்ட் போஸ்ட் (கீழுள்ள ஸ்டிச்சின் தலையில் குத்தாமல், அதன் தண்டை முன்பக்கமிருந்து சுற்றிப் போடும் ஸ்டிச்), பின்பக்க வரிசையில் சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படை ஸ்டிச்) என்று வைத்துக்கொள்கிறேன். (அமெரிக்கப் பெயர்களில் சொல்கிறேன், பிரிட்டிஷ் பேட்டர்னில் இந்த சிங்கிளுக்கு டபுள் என்று பெயர்.) பின்பக்க வரிசை முழுவதையும் பின்னணி நிறத்திலேயே போட்டால் கேபிள் நூல் இடது ஓரத்திலேயே நின்றுவிடும். அடுத்த முறை வலது ஓரத்தில் அது தேவைப்படும்போது நாலு ஸ்டிச் தூரம் இழுத்து வரவேண்டும். அதற்குப் பதில் அந்த நாலு சிங்கிளையும் கேபிள் நிறத்திலேயே போட்டுவிடுங்கள். நூல் தானாக வலப்பக்கம் வந்து சேரும். அடுத்து வரும் ஃப்ரண்ட் போஸ்ட் இரண்டு வரிசை கீழே உள்ள தண்டைச் சுற்றிப் போவதால் அந்த சிங்கிள்கள் அதன் பின்னால் மறைந்துவிடும். இடுக்கில் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் கேபிளின் நிறம்தானே!

பின்னணி நூலுக்கு என் தேர்வு, கேபிளுக்கு இரு பக்கமும் தனித்தனி உருண்டை. நூல் சிக்கத்தான் செய்யும். துணியை ஒரு வரிசைக்கு வலச்சுற்றாகவும் அடுத்ததற்கு இடச்சுற்றாகவும் திருப்பினால் பாதிச் சிக்கல் தீரும். நிறையக் கேபிள் இருந்தால் இது கட்டுப்படியாகாது. அப்போது பின்னணி நூலைக் கேபிளின் பின்னால் தளர்வாக ஓடவிட்டு, திரும்பி வரும் சிங்கிள்களுக்குள் அதைப் பொதிந்துவிடலாம். மறுபக்கம் அந்த நூலை எடுக்கும் முன் துணியைப் பக்கவாட்டில் ஒருமுறை இழுத்துவிடுங்கள். கேபிள் வெளிர் நிறமாகவும் பின்னணி கறுப்பாகவும் இருந்தால் பொதிந்த நூல் நிழல்போலத் தெரியும், அங்கே தனி உருண்டைதான் சரி.

கேபிளின் இரண்டு இழையும் இரண்டு நிறம் என்றால் குறுக்கே மாறும் வரிசையில்தான் குழப்பம் வரும். நீங்கள் சுற்றிப் போகும் தண்டு எந்த நிறமோ அந்த நிறத்தை எடுங்கள். முதல் இரண்டு தண்டை விட்டு, மூன்றாவது, நாலாவது தண்டில் ட்ரெபிள் (உயரமான ஸ்டிச்) போட்டு, பிறகு விட்ட இரண்டுக்கு வருவீர்கள். அப்படியானால் அதற்கு முந்தைய பின்னணி ஸ்டிச்சின் கடைசி இழுப்பே மூன்றாம் தண்டின் நிறத்தில் இருக்க வேண்டும். அந்த நூல் இரண்டு ஸ்டிச் தூரம் வலப்பக்கம் வரவேண்டும், மற்ற நிறம் அதே தூரம் இடப்பக்கம் போகவேண்டும். இரண்டையும் நன்றாகத் தளர்த்தி விடுங்கள். குறுக்கே மாறும் வரிசை எப்படியும் துணியை உள்ளிழுக்கும், நூலும் இறுகினால் அங்கே துணி இடுப்புபோலக் குறுகிவிடும். திரும்பி வரும் சிங்கிளை, அதற்குக் கீழே உள்ள போஸ்ட் ஸ்டிச்சின் நிறத்தைப் பார்த்து அதே நிறத்தில் போடுங்கள், நிறங்கள் இடம் மாறியிருக்கும்.

நூல் முனைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முடிச்சுப் போடாமல் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அதே நிறக் கேபிளின் பின்பக்கம் ஊசியால் ஒரு திசையில் ஓட்டி, திருப்பி மறு திசையிலும் கொஞ்சம் ஓட்டிவிட்டால் பிரியாது.