ஆச்சிக்கு யார் எழுதியது நஷ்டக் கணக்கு?

கேள்வி: மனோரமா கதாநாயகியாக வராமல் கடைசிவரை காமெடியிலேயே இருந்துவிட்டது அவருக்குப் பெரிய நஷ்டம்தானே? மொத்தம் எத்தனை படம் நடித்தார், சரியான கணக்கு தர முடியுமா? பள்ளத்தூரில் அவருக்குச் சிலை வைத்தால் ஆதரிப்பீர்களா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: நஷ்டம் என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் நீங்கள் நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து ஆள் என்பது தெரிகிறது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், பரப்பி வைத்திருக்கிற சாமானில் எவர்சில்வர் அடுக்கு எத்தனை, பித்தளை அண்டா எத்தனை, மங்குச் சாமான் (எனாமல் பாத்திரம்) நிஜமாகவே பழசா, இல்லை போன வாரம் கடைத்தெருவில் வாங்கியதா என்று கண்ணாலேயே எண்ணி முடித்துவிட்டு அப்புறம்தான் பந்திக்குப் போகிற ஜனம் நாம். பந்தியில் உட்கார்ந்ததும், 'கோட்டையூர்க் கல்யாணத்தில் இதைவிட ரெண்டு அண்டா கூட' என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லாவிட்டால் பாயசம் இறங்காது. பக்கத்து இலைக்காரரும் சும்மா இருக்க மாட்டார், 'அதில் ஒண்ணு இரவல் அண்டா' என்பார்.

படக் கணக்கும் அப்படித்தான். 1000-க்கு மேல் என்கிறார்கள், கின்னஸ் என்கிறார்கள், 1200 என்று ஒரு பத்திரிகை போட்டால் 1500 என்று இன்னொன்று போடுகிறது. அதில் ஐம்பது குறைந்தால் என்ன, கூடினால் என்ன, யாராவது வந்து வித்தியாசத்தைக் கட்டப் போகிறார்களா? இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்கும் தங்கள் சந்தா ஆடியோடு முடிந்துவிட்டது என்று எங்கள் மேனேஜர் நினைவுபடுத்துகிறார். அதையும் ஐந்தொகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கதாநாயகியாக வரவே இல்லை என்பதும் தப்பு. 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் அவர்தான் கதாநாயகி. அது முடிந்ததும் மறுபடி தன் பாட்டுக்கு நகைச்சுவைக்கு வந்துவிட்டார். காரணம் நம்ம சிறுகூடல்பட்டிக்காரர், கவிஞர் கண்ணதாசன். 1958-ல் அவர் 'மாலையிட்ட மங்கை' எடுத்தபோது இவரைக் காமெடி வேஷத்துக்குக் கூப்பிட்டார், இவருக்கோ மனசில்லை. கதாநாயகியாக நடித்தால் நாலைந்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நகைச்சுவை என்றால் நெடுநாள் நிற்கலாம் என்கிற மாதிரி கவிஞர் சொல்லித்தான் ஒத்துக்கொண்டேன் என்று மனோரமாவே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், சொன்னவர் சொந்தப் படம் எடுத்துக் கடன்பட்டவர். 'சிவகங்கைச் சீமை' எடுத்து, 'கவலை இல்லாத மனிதன்' எடுத்து, கவலையோடு அலைந்தவர். தன் பேரேட்டில் ஒரு பக்கம்கூட நேராக வராத மனிதர் அடுத்தவர் பேரேட்டில் முதல் வரியை எவ்வளவு சரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்! செட்டிநாட்டில் பிறந்ததற்குக் கவிஞர் பார்த்த ஒரே லாபக் கணக்கு இதுதான் போலிருக்கிறது, அதுவும் இன்னொருவர் கணக்கில்.

டி.ஏ. மதுரம் என்றால் கூடவே என்.எஸ்.கே. வருவார், எம். சரோஜா என்றால் தங்கவேலு வருவார். மனோரமாவுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஜோடி மாறிக்கொண்டே இருந்தது, இவர் இருந்த இடத்தில் இருந்தார். 'தில்லானா மோகனாம்பாள்' வந்த அதே 1968-ல்தான் 'பொம்மலாட்டம்' வந்தது. ஒன்றில் ஜில் ஜில் ரமாமணி, இன்னொன்றில் சென்னைத் தமிழில் 'வா வாத்யாரே ஊட்டாண்ட' என்று சொந்தக் குரலில் பாட்டு. மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவருக்குச் சைதாப்பேட்டை எங்கேயிருந்து வந்தது?

காதிலிருந்து வந்தது. பள்ளத்தூரில் அவர் அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்த பிள்ளை அவர். பெரிய வீட்டு முகப்பும் பட்டாலையும் விருந்தாளிக்கு. வேலைக்கு வருகிறவர்களுக்குப் பின்பக்கத்து இரண்டாங்கட்டும் அடுப்படியும். ஆனால் ஒரு வீட்டின் நிஜப் பேச்சு நடப்பது அங்கேதான். மாமியார் மருமகளை எந்த இழுப்பில் கூப்பிடுகிறாள், கோபத்தை அடக்கும்போது எந்த வார்த்தையை மெல்லச் சொல்லுகிறாள், கடன் கேட்டு வந்தவரிடம் 'உக்காருங்க' என்பதை எப்படிச் சொன்னால் அவர் தானாக எழுந்து போய்விடுவார் என்பதெல்லாம் முகப்பில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வயசில் நாடகத்துக்குப் போய், பின்னால் ஒரு நாள் வானொலி நாடகத்தில் செட்டிநாட்டு ஆச்சியாகவே பேசியது. பட்டமும் அங்கேயிருந்துதான் ஒட்டிக்கொண்டது. எந்த வீடுகளில் ஆச்சிமாரின் ஏவலுக்கு அம்மா நின்றாரோ, அந்த வீட்டு ஆச்சிமாரே அப்புறம் இவரை ஆச்சி என்றார்கள். இதற்கு வட்டி போட்டுப் பாருங்கள், பிறகு நஷ்டத்தைப் பேசலாம்.

வானொலியை லேசாக நினைக்காதீர்கள். சினிமாவில் 'சின்னக் கவுண்டர்' மாதிரி எடுப்புப் பல்லைக் கட்டிக்கொண்டு வந்தால் வாயைத் திறப்பதற்குள் பாதிச் சிரிப்பு வந்துவிடும். ரேடியோவில் பல்லும் இல்லை, கண்ணை உருட்டவும் முடியாது. கையில் தாள், எதிரில் மைக், தாள் சலசலத்தால் அதுவும் ஒலிபரப்பாகிவிடும். இருப்பது குரல் ஒன்றுதான். அந்தக் குரலை நம்பி வளவில் மர்பி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, அரிசி பொறுக்கிக்கொண்டே, 'இது கானாடுகாத்தான் பேச்சு, பலவான்குடியில் இப்படி இழுக்க மாட்டாக' என்று தகராறு பண்ணின கூட்டம் நம்முடையது. சும்மா ஏமாற்ற முடியாது.

இப்போது டிவி சீரியலில் செட்டிநாட்டுக் குடும்பம் என்று ஒன்று வருகிறது. காதில் பெரிய தோடு, பின்னால் தேக்குத் தூண், மகள் அப்பாவை 'அப்பச்சி' என்கிறாள். சரி, பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அடுத்த சீனிலேயே 'ஏனுங்க' என்று கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிடுகிறாள். மிளகை அள்ளிப் போட்டுவிட்டு வாசலில் 'செட்டிநாடு' என்று போர்டு மாட்டுகிற ஹைவே ஓட்டல்காரர்தான் இவர்களுக்கு வசனமும் எழுதுகிறார் என்பது என் நெடுநாள் சந்தேகம். ஓட்டலைப் பற்றி மாதாமாதம் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். போர்டை இறக்கட்டும், நானும் நிறுத்துகிறேன்.

இன்னொரு பாக்கி. 'நாம் இருவர்' எடுத்த ஏவி.எம். ஸ்டூடியோ தேவகோட்டையில் இருந்தது என்று உங்கள் ஊரிலிருந்து எனக்குக் கடிதம் வராத மாதமில்லை. இருந்தது தேவகோட்டை ரஸ்தா. ரஸ்தா என்றால் தேவகோட்டைக்குப் போகிற வழி. வழியில் நிற்பவன் ஊருக்குள் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. காரைக்குடிப் பக்கம் கூரை போட்டு நின்ற கொட்டகையில் எடுத்து 1947-ல் வெளியான படம் அது. மெய்யப்ப செட்டியாரும் காரைக்குடி. அந்த நிறுவனம் 1986-ல் எடுத்த 'சம்சாரம் அது மின்சார'த்தில் கண்ணம்மாவாக வந்து ஊரையே வாயடைக்க வைத்தவர் மனோரமா என்பதால் இதை இங்கே சொல்ல எனக்கு உரிமை உண்டு.

சிலைக்கு ஆதரவு இல்லை. 1989-ல் வந்த 'புதிய பாதை'க்கு தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ எல்லாம் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தாகிவிட்டது. 2015-ல் அவர் போய்ச் சேர்ந்த பிறகு சிலை வைத்தால், அதன் தலையில் உட்காருகிற காக்காய்களுக்குத்தான் கொண்டாட்டம். அதற்கு ஆகிற செலவில் அந்தப் பழைய வானொலி நாடகங்களைத் தேடி எடுத்து மறுபடி ஒலிபரப்பச் சொல்லுங்கள். ரேடியோவிலிருந்து டேப்பில் பிடித்து வைத்தவர்கள் நம்ம பக்கத்தில் யாராவது இருந்தால் அலுவலகத்துக்குக் கொண்டு வரலாம், கேட்டுவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். சிலைக் கமிட்டிக்கு ரசீது புத்தகம் அச்சடித்தவர்கள் மட்டும் வர வேண்டாம்.